பதினேழிலிருந்து இருபது வரை

“வெள்ளி இல்லன்னு யாரும்மா சொன்னது? இன்னொரு தரம் சொல்லு, பாப்போம்!”

சந்திரமோகன் போட்ட சத்தத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த கெமிஸ்ட் ஏஞ்சலின் மட்டும் அதிரவில்லை. ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நீங்க அனுப்புன நாப்பது மூட்டைக் கல்தூள்லயும் துத்தநாகம் இருக்கு சார், ஈயம் இருக்கு. வெள்ளிதான் பேருக்கு இருக்கு. டன்னுக்கு ஆறு கிராம், ஏழு கிராம்.”

“பதினேழுல இருந்து இருபது வரைக்கும் நாலு மூட்டை?”

“அதுலயும் அதேதான்.”

“இருக்கவே முடியாது!”

பொன்னேரியில் எட்டு ஏக்கர் நஞ்சையை விற்று, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டை மலையில் துளை போட்டவர் சந்திரமோகன். மலையை விலைபேச ஐதராபாத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உள்ளே எத்தனை லட்சம் டன் தாது, டன்னுக்கு எத்தனை கிராம் வெள்ளி என்று இந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் மதிப்புப் போடுவார்கள். வெள்ளி இருந்தால் மலை விலை போகும். இல்லாவிட்டால் மலை அவர் தலைமேலேயே உட்காரும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. கிழமை வந்துவிடும், வெள்ளியைத்தான் காணோம்.

நெல் மூட்டையில் குத்தூசி விட்டு, உள்ளங்கையில் விழுந்த நாலு மணியைப் பார்த்தே வியாபாரம் பேசி வளர்ந்த மனுஷன். யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

“தூளை மாவா அரைக்கிறது யாரு? கூப்புடு அவனை.”

ஜெயராஜ் வந்தான். புருவம் வரைக்கும் தூசி.

“இன்னா நைனா, மூட்டைய மாத்திட்டியா?”

“சீல் வெச்சதே நீங்கதானே சார்? பிரிக்கும்போது போட்டோ எடுத்து வெச்சுக்கினு கீறோம். கல்லு மாவைத் திருடி நான் இன்னா பண்றது? ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி தோசையா ஊத்தறது?”

ஏஞ்சலின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சந்திரமோகன் அடுத்த சந்தேகத்துக்குத் தாவினார். நாற்காலியை முன்னால் இழுத்து, குரலைத் தாழ்த்தினார்.

“ஐதராபாத்காரன் உன்னைப் பாத்தானா? மறைக்காம சொல்லும்மா. ரிப்போர்ட்டுல மட்டமா காமிச்சா மலையை மலிவா அடிச்சிடலாம்னு பாக்கறான். நெல்லு வாங்க வர்றவன் ஈரம் ஈரம்னு இழுக்கற மாதிரி. எனக்குத் தெரியாத தில்லாலங்கடியா?”

“வாங்கறவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது சார். எங்களுக்கு மூட்டை மேல இருக்கற நம்பர் மட்டும்தான்.” ஏஞ்சலின் அவரை உற்றுப் பார்த்தாள். “நான் ஒண்ணு கேக்கட்டுமா? நாப்பது மூட்டையில அந்த நாலை மட்டும் ஏன் சார் இப்படிப் பிடிச்சுக்கினு இருக்கீங்க?”

சந்திரமோகன் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார்.

“பாத்தாலே தெரியும்மா. அந்த நாலும் தகதகன்னு மின்னுச்சு.”

“மின்னறது ஈயக்கல் சார்.”

“இந்தக் கதையெல்லாம் வேணாம். மிச்சம் வெச்சிருக்கற தூளை எடு. என் கண்ணு முன்னாடி பண்ணு.”

ஏஞ்சலின் ஜெயராஜுக்குக் கைகாட்டினாள். நாலு மூட்டையின் மிச்சமும் வந்தது. நிறுத்து, மருந்து கலந்து, நாலு கிண்ணத்தில் போட்டு உலையில் வைத்தாள். இரண்டு மணி நேரம் சந்திரமோகன் உலைக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. தொடவில்லை. குனிந்து டீயை எடுக்கும் நேரத்தில் கிண்ணத்தை மாற்றிவிட்டால்? ஜெயராஜ் கையைச் சட்டைப்பையில் விட்டாலே, “இன்னா அது?” என்றார்.

“கைக்குட்டை சார். மோந்து பாக்கறீங்களா?”

கடைசியில் நாலு கிண்ணமும் ஆறி மேஜைக்கு வந்தன.

“வெள்ளி இருந்தா அடியில கடுகாட்டம் ஒரு குண்டு நிக்கணும். நீங்களே பாருங்க” என்று லென்ஸை அவரிடமே கொடுத்தாள் ஏஞ்சலின்.

ஒவ்வொரு கிண்ணமாக எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான். நாலிலும் அதே கதை.

“ஆனா ஒரு விஷயம் எங்களுக்கும் புரியல சார்” என்றாள் ஏஞ்சலின். “அந்த நாலு மூட்டையில மட்டும் செம்பும் நிக்கலும் ஏறிக் கெடக்கு. மத்த முப்பத்தாறுல அது இல்ல. பக்கத்துப் பக்கத்துக் கல்லுல இப்படி வர்றது கஷ்டம்.”

“செம்பும்… நிக்கலுமா?”

“ஆமா. துத்தநாகமும் கொஞ்சம் தூக்கல். பாத்திரக் கடையில ஜெர்மன் சில்வர்னு விக்கறாங்களே, அதுல போடற சரக்குதான் இது மூணும்.”

“அதுல வெள்ளி எவ்ளோ இருக்கும்?”

“பேர்லதான் சார் வெள்ளி. உள்ள பொட்டு வெள்ளி கெடையாது.”

சந்திரமோகன் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார். ஜெயராஜைப் பார்த்தார், ஏஞ்சலினைப் பார்த்தார், விறுவிறுவென்று வெளியே போய்க் காரில் ஏறினார். நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, மணவாள நகரில் இருக்கும் பெண்டாட்டிக்குப் போன் போட்டார்.

“குணசுந்தரி, கல்யாணத்தன்னிக்கு உங்கப்பன் சபை நடுவுல நின்னு, கெட்டி வெள்ளி, கெட்டி வெள்ளின்னு தட்டித் தட்டிக் காமிச்சு ஒரு குங்குமச் சிமிழ் குடுத்தானே…”

“அய்யோ, அதைத்தாங்க ஒரு மாசமா பூஜை ரூமெல்லாம் தேடிக்கினு கீறேன். நீங்க பாத்தீங்களா?”

“தேடாதே! அரம் போட்டு ராவி, அந்த நாலு மூட்டையிலயும் என் கையாலதான் கலந்தேன். கட்டிக்கினு போற மாப்பிள்ளையையே முப்பது வருஷமா ஏமாத்தியிருக்கான்டி உங்கப்பன், ஃபிராடு!”