இன்னொரு தடவை சார்

“குப்பை,” என்றார் சார். திரையை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. “இதைத் தூக்கிக்கிட்டு வேலை தேடப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். இன்னொரு தடவை எழுதும்மா.”

பட்டம் வாங்கிய கையோடு வேலை தேடாதே, முதலில் நாலு புரோகிராம் உருப்படியாக எழுதப் பழகு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பயிற்சி மையத்தில் சேர்ந்தவள் அவள். அங்கே படிப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே ‘இன்னொரு தடவை சார்’. மனுஷர் வாயிலிருந்து ‘நல்லாருக்கு’ என்று ஒரு வார்த்தை உதிர்ந்து யாரும் கேட்டதில்லை. ஒருத்தர் எழுதுவதை இன்னொருத்தர் எட்டிப் பார்க்கவும் விடமாட்டார். பார்த்து எழுதினால் மூளை துருப்பிடித்துவிடுமாம்.

இந்த முறை அவளுக்குக் கொடுத்த பயிற்சி, ஆஸ்பத்திரி டோக்கன் புரோகிராம். அடுத்து யார் உள்ளே போக வேண்டும் என்று சுவர்த் திரையில் பெயர் வர வேண்டும்.

“பேரு இன்னும் பெரிசா வரணும். வயசானவங்க கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாக்கறாங்க,” என்றார் சார். “எழுதினவரைக்கும் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டுப் போ. தப்பெல்லாம் குறிச்சு வைக்கிறேன்.”

வீட்டில் அப்பா இடுப்புக்கு பெல்ட் கட்டிக்கொண்டிருந்தார். கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலை. இனி பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியும், மகள் சம்பாதிக்கும் வரைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய்வருகிறார்.

“சார் என்னம்மா சொன்னாரு?”

“இன்னும் கொஞ்ச நாள் ஆகும்ப்பா.”

“ஆகட்டும், நிதானமாப் படி. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.” சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

சோறு தண்ணி மறந்து எழுதினாள். கூப்பிடும் நேரத்தில் ஆள் கழிவறைக்குப் போயிருந்தால்? பாவம், பெயரைக் கடைசிக்குத் தள்ளாமல், இரண்டு பேருக்குப் பின்னால் மட்டும் வைக்கும்படி செய்தாள். அதையும் குப்பை என்று சொல்லித்தான் சார் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் அப்பா கிடங்கிலேயே சுருண்டு விழுந்தார். இதற்கு மேல் பொறுக்க அவளால் முடியவில்லை. சாரிடம் சொல்லாமலே வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது.

நோயாளிகளுக்கு நடுவே அவள் காத்திருந்தபோது, எதிர்ச் சுவர்த் திரையில் ஒரு பெயர் பெரிதாக வந்தது. ஆளைக் காணோம். பெயர் இரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்; அவள் எழுதியதேதான்.

குப்பையா இது? பாவி மனுஷன், காசாக்கியிருக்கிறானே. ஆத்திரம் பொங்கியது, கூடவே ஒரு தெம்பும் வந்தது. தான் எழுதிய புரோகிராம் ஓடுகிற இடத்தில் வேலை தன்னைவிட்டு எங்கே போய்விடும்? அப்பா இனி ஒரு மூட்டையும் தொட வேண்டாம்.

இன்டர்வியூ அறையிலிருந்து, மையத்தில் அவளோடு படிக்கிற ஒருவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். இவளைக் கவனிக்காமலே படியிறங்கிப் போய்விட்டான். அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள்.

“வெளியே ஓடுதே டோக்கன் புரோகிராம், அதைப் பாத்துக்கத்தான் ஆள் எடுக்கிறோம்,” என்றார் உள்ளே இருந்த அதிகாரியம்மா. “எழுதிக் குடுத்தவரு அனுபவசாலி. உங்களுக்கு அது புரியுமா?”

“புரியுமாவா? அதை எழுதினதே நான்தான் மேடம்.”

எந்த இடத்தில் எதற்காக எப்படி எழுதினாள் என்று மூச்சுவிடாமல் விளக்கினாள். அதிகாரியம்மா எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அலுப்போடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“காலையிலேருந்து உங்க மையத்துலேருந்து வந்த அத்தனை பேரும் இதையேதாம்மா சொன்னாங்க.”