ஓர் அரிசி அளவு

“பேத்திக்கா சார்?”

கால் மணி நேரமாக ஒவ்வொரு டூத்பேஸ்ட்டையும் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கும் கிழவனைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். மருந்துக் கடைப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது.

“துப்பத் தெரியலம்மா. முழுங்கிடுது,” என்றேன்.

மூன்று வாரமாக இதே கூத்து. தினமும் காலையில் நான் “துப்பு, துப்பு” என்று தொண்டை கிழியக் கத்துவேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு மடக்கென்று ஒரு விழுங்கு. அப்புறம் வயிற்று வலி, வாந்தி. எப்போதாவது கொஞ்சம் உள்ளே போனால் பரவாயில்லை, தினமும் போகக் கூடாது, ஃப்ளோரைடு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். வாங்க வேண்டியவன் நான் அல்லவா?

எழுத்து ஒவ்வொன்றும் கடுகு அளவு. போதாக்குறைக்கு என் கண் எழுத்தின் மேலேயே போகவில்லை. டியூபின் அடியில் இருக்கும் கலர் பட்டைக்குத்தான் போனது. பச்சை என்றால் மூலிகை, கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம். யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு காலமெல்லாம் அப்படித்தான் வாங்கினேன்.

ஒவ்வொரு முறையும் என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

“ஐயோ, அது எங்க வெட்டணும்னு மெஷினுக்குப் போட்ட அடையாளங்க. படிச்ச மனுஷன்தானே நீங்க?”

அவளுக்குத் தெரியாததா? பேஸ்ட் கம்பெனி லேபில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். விஞ்ஞானி என்று நான் பெயரே வைத்திருந்தேன். புதுப் பேஸ்ட் எது வந்தாலும் ஒரு துளி எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். “சுண்ணாம்புப் பொடி. கொஞ்சம் நறநறங்குது,” என்று தீர்ப்புச் சொல்வாள்.

கூடவே பாடமும் நடக்கும். அழுக்கை எடுப்பது இந்தப் பொடிதான். காய்ந்து கட்டியாகாமல் காப்பது சார்பிட்டாலும் கிளிசரினும். தண்ணீர் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் என்று பிரிந்துவிடாமல் பிடித்துவைக்க ஒரு பிசின். நுரைக்குத் தனியாக ஒன்று. சொத்தை விழாமல் இருக்க ஃப்ளோரைடு. புதினா வாசனை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “அது உங்களை மாதிரி ஆளுங்களுக்கு. வாய் ஜில்லுனு ஆனா சுத்தமாயிடுச்சுன்னு நம்பிடுவீங்க,” என்றாள்.

நான் பேப்பரை விரித்துக்கொண்டு ‘உம்’ கொட்டுவேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதில் பாதியாவது காதில் ஏறியிருக்கக் கூடாதா? இப்போது போய் அவளிடம் கேட்க முடியுமா? கடை நடுவில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, ஸ்டூலைப் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். முயல் படம் போட்டிருந்தது. ஃப்ளோரைடு இல்லை, நுரைக்கிற சமாச்சாரம் இல்லை, ஸ்ட்ராபெரி வாசனை.

“ஓர் அரிசி அளவு வச்சாப் போதும் சார். நீங்க எதிர்ல நின்னு துப்பிக் காட்டுங்க. பார்த்துப் பார்த்து ரெண்டே மாசத்துல தானாக் கத்துக்கும்.”

“கத்துக்கட்டும்மா,” என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலை வாஷ்பேசின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டினேன். பிரஷ்ஷில் ஓர் அரிசி அளவு வைத்து, “ஆ காட்டு,” என்றேன்.

என் விஞ்ஞானி வாயைத் திறக்கவில்லை.

பிரஷ்ஷிலிருந்து பேஸ்ட்டை வழித்து எடுத்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு மாதமாக என் பெயர்கூட நினைவில்லாதவள்.

“சிலிக்கா. நைஸா இருக்கு,” என்றாள்.

என் கையிலிருந்து டியூபை வாங்கினாள். முயலைப் பார்க்கவே இல்லை, நேராகப் பின்பக்கம் திருப்பினாள். விரல் வரி வரியாக இறங்கியது. மூக்குக் கண்ணாடிகூட இல்லாமல் என்ன தெரிந்ததோ.

திரும்பி வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். புத்தி கெட்ட மனசு, அதற்குள் பாயசம் குடித்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். லேபுக்கு வந்த வெளியாளிடம் பேசுவது போல, மரியாதையாகக் கேட்டாள்.

“இது சின்னப் பசங்க பேஸ்ட்டாச்சே. உங்க வீட்டுல குழந்தை இருக்கா சார்?”

முப்பத்தெட்டு வருஷமாக ஊரே எங்களிடம் கேட்ட கேள்வி. கல்யாண வீட்டில் கேட்டார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். ‘இல்லை’ என்று ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்வேன்.

“இருக்கும்மா,” என்றேன். “ஒண்ணே ஒண்ணு.”

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“அப்ப முழுங்காமப் பார்த்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்தாள்.