தலைக்கு எவ்வளவு

உலகப் பொருளாதாரத்தில் இந்தியா ஜப்பானைத் தாண்டி நாலாவது இடத்துக்கு வந்துவிட்டதாக மெஸ் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் அமெரிக்கா, சீனா, ஜெர்மனி மட்டும்தான். ஒரகடத்தில் கம்பெனிப் பையன்கள் சாப்பிடும் மெஸ் அது. யாரோ விசில் அடித்தான்.

சக்திகுமாருக்குச் சிரிப்பு வந்தது.

"மொத்தத்தப் பாத்துட்டு விசில் அடிக்காதீங்கலே. தலைக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. ஜப்பான்காரன் எங்க இருக்கான், நாம எங்க இருக்கோம்னு தெரியும்."

சொல்லி முடித்ததும் கண் தன் தட்டுக்குப் போனது. இந்த மெஸ்ஸும் அப்படித்தானே என்றான். ஒரகடத்திலேயே பெரிய அண்டா தன்னுடையது என்று ஓனர் கோதண்டம் சொல்லாத இடமில்லை. தட்டில் விழுவதோ பாதி முட்டை.

மறுநாள் அதை ஓனரிடமே கேட்டுவிட்டான். கோதண்டத்துக்குச் சுருக்கென்றது.

"ஆளுக்கு ஒண்ணுன்னுதான்பா முட்ட வாங்கிப் போட்டுக்கினு கீறேன். மீதிப் பாதி இன்னா, காக்கா தூக்கினு போச்சா?"

எல்லோரும் சமையல்கார ரத்னாவைப் பார்த்தார்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகும் தூக்குவாளியைப் பற்றி ஒருவன் பேச்செடுத்தான். சக்திகுமார் அதை மறுக்கவில்லை. ரத்னா அடுத்த தட்டுக்குச் சாம்பார் ஊற்றப் போனாள்.

சாப்பிடும் தலையை எண்ண, கோதண்டம் வாசலில் கைரேகை மெஷின் வைத்தார். கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் யாருக்காக மெஸ் காசு கட்டுகிறாரோ, அவன் விரலுக்குத்தான் பச்சை எரியும்.

முதல் நாளே சுடலைக்கண்ணு விரலுக்குச் சிவப்பு எரிந்தது. சக்திகுமாரின் ரூமில் தங்கியிருப்பவன். விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். சிவப்புதான். வரிசையில் பாதிப் பேருக்கு அப்படியே எரிந்தது. எல்லோரும் பிரேக்கில் இருப்பவர்கள். காண்ட்ராக்ட் முடிந்து, திரும்பக் கூப்பிடும்வரை சம்பளமில்லாமல் காத்துக்கிடப்பவர்கள். இத்தனை நாளும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் ரத்னா முட்டையை அறுத்திருக்கிறாள்.

பசியில்லை என்று சொல்லிக்கொண்டே சுடலைக்கண்ணு செருப்பைத் தேடினான்.

அந்த வாரம் தட்டில் முழு முட்டை விழுந்தது. பையன்கள் சக்திகுமாரை நிதியமைச்சரே என்று கூப்பிட்டார்கள். கோதண்டம் கரண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, ரத்னாவைப் பாத்திரம் தேய்க்க அனுப்பினார்.

சுடலைக்கண்ணு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். ஊருக்குப் போனவனை யாரும் தேடிப்பிடித்து வேலை கொடுக்கப் போவதில்லை. ஆள் எடுக்கிற அன்றைக்குக் கேட்டில் நிற்பவனுக்குத்தான் வேலை என்பது சக்திகுமாருக்கும் தெரியும்.

சாப்பாடு இறங்காமல் தட்டோடு பின்பக்கம் போனான். ரத்னா குழாயடியில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, தப்பா நெனச்சிட்டேன்."

அவள் அண்டாவைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. பிரேக்ல இருக்கவனுக்கும் காண்ட்ராக்டர்தான் காசு கட்டுதாருன்னு நெனச்சேன். போன வருசம் நான் பிரேக்ல இருந்தப்ப அவருதான கட்டுனாரு?"

ரத்னா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"உனக்கு எவன்பா கட்னான்? அப்போ சுடலக்கண்ணு வேலையில இருந்தான். அவன் பங்குல எடுத்துதான் உனக்குப் போட்டேன். பாத்துக்கினுதான் இருந்தான். ஒண்ணுமே கேக்கல."