மலைமேல் ஒரு டப்பா

மகள் இறந்து ஐந்து மாதம் கழித்து, மரியபுஷ்பம் ஜி.பி.எஸ். கருவி வாங்கக் கடைக்குப் போனாள்.

"தொடுதிரை வேணுமா, பட்டன் வச்சதாம்மா?"

"டவர் கெடைக்காத மலையில எது வேல செய்யுமோ அதக் குடுங்க. எம் மவ அங்க ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சிருக்கா."

அது ஒரு விளையாட்டு. டப்பாவை ஒளித்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மகள் ஜெனிலா இணையத்தில் போட்டிருந்தாள். தேடி வருகிறவர்கள் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும்.

மரியபுஷ்பம் அந்த எண்களைக் கருவியில் போட்டு, திரையில் அம்பு காட்டிய வழியில் மூச்சு வாங்க மலை ஏறினாள். மூன்று மீட்டர் என்று காட்டியபின் கருவி உதவவில்லை. ஒவ்வொரு கல்லாகப் புரட்டி டப்பாவை எடுத்தாள். நோட்டின் முதல் பக்கத்தில் மகளின் சாய்ந்த எழுத்து: 'பாத்துட்டு இங்கயே வச்சிருங்க. அடுத்து வர்றவங்க ஏமாந்துரக் கூடாது.' கீழே பதினோரு பேரின் பெயர்கள். கடைசியாக எழுதியவர், 'நன்றி ஜெனிலா, அடுத்த டப்பா எங்கே?' என்று கேட்டிருந்தார்.

டப்பாவை வைத்துவிட்டு, நோட்டை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் ஓர் இளம் தம்பதி கருவியோடு ஏறி வந்தார்கள். அவள் கையிலும் கருவியைப் பார்த்ததும் அந்தப் பெண் சிரித்தாள்.

"கெடச்சுதா ஆன்ட்டி?"

மரியபுஷ்பம் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கு. கொஞ்சம் இங்கயே உக்காந்திருங்க, இப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினாள்.