படிச்சிட்டு அமுக்கணும்

"தூத்துக்குடி துறைமுகத்துல, படிக்காம ஒரு இடத்துலகூடக் கையெழுத்துப் போடாத ஒரே மனுஷன் நான்தாம்ல!"

இதைச் சொன்னபோது கிருபாநிதியின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏற்றுமதிச் சரக்குக்கான ஆவணங்களைச் சுங்கத்துறையில் தாக்கல் செய்து தரும் அலுவலகத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறவர். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் விடாமல் படிப்பவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

"எங்கப்பா நாசரேத்துல வாத்தியாரு. தன் கல்யாணப் பத்திரிகையிலேயே பிழை திருத்தி பிரஸ்ஸுக்குத் திருப்பி அனுப்புனவரு. அந்த ரத்தம்ல இது. இந்தப் பிள்ளையும் இருக்காளே!"

இந்தப் பிள்ளை, இசக்கிச்செல்வி. நாலு வருடமாக ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இங்கே வேலை பார்க்கிறவள். இப்போது டிபன்பாக்ஸையும் குடையையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று கிருபாநிதி அவளிடம் சொல்லிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"ஏலே பெர்சி, உன் மேலயும் தப்பு இருக்கு!" கோபம் எதிரே நின்ற இளைஞன் பக்கம் திரும்பியது. அலுவலகத்துக்கு மென்பொருள் எழுதித் தருகிறவன் அவன். "பில் புரோகிராமுக்குப் புது வெர்ஷன்னு செவ்வாக்கிழமை அனுப்புன. சரி. பக்கத்துல சும்மா கிடந்த கையெழுத்து புரோகிராம எதுக்குல சேத்து மாத்துச்சு? ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன், பக்கத்து வீட்டுக் கதவக் கழட்டிட்டுப் போன மாதிரில்லா இருக்கு!"

நடந்தது அதுதான். மாறிப்போன கையெழுத்து புரோகிராம், கிருபாநிதியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பென்டிரைவ் மாதிரியான டோக்கனைப் பார்த்து, இது யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. கையெழுத்து விழாமல் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி ஆவணம் சுங்கத்துக்குப் போகாது. பில் போகாமல் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போகாது. உடன்குடிக் கருப்பட்டி ஏற்றிய கன்டெய்னர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க, கப்பல் கிளம்பிவிட்டது. அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்து.

"கேட்டுட்டுத்தான் மாத்துச்சு அண்ணாச்சி," என்றான் பெர்சி. "'கையெழுத்து புரோகிராமும் சேர்ந்து மாறும், சம்மதமா'ன்னு ஒரு பெட்டி வந்துருக்கும். கொஞ்சம் பொடி எழுத்துதான். யாரோ சரி குடுத்துருக்காங்க."

"யாரோ என்னல யாரோ! இவதான். எது வந்தாலும் சரி, சரி, சரின்னு அமுக்குத கூட்டம். விட்டா நாளைக்கு என் வீட்டையே எழுதிக் குடுத்துருவா!"

"நான் அமுக்கல அண்ணாச்சி. செவ்வாக்கிழமை காலையில..."

"ஏளா, பேசாத! அப்ப யாரு, வாளமீனு கரையேறி வந்து அமுக்கிட்டுப் போச்சா?"

இசக்கிச்செல்வி அழவில்லை. குடையை இன்னும் ஒரு குத்துக் குத்தி உள்ளே இறக்கினாள்.

"எந்தக் கம்ப்யூட்டர், எத்தன மணின்னு லாக்ல இருக்கும்," என்றான் பெர்சி. "பாத்துட்டுச் சொல்லுதேன்."

"ஒண்ணும் பாக்க வேண்டாம். யாருன்னு எனக்குத் தெரியும். எனக்கு எச்சரிக்கை வேணும். தமிழ்ல, பெரிய எழுத்துல, இவள மாதிரி ஆளுக்கும் கண்ணுல படுத மாதிரி. இப்பவே போடு. பழைய கையெழுத்து புரோகிராமும் இப்பவே திரும்பி வரணும்."

பெர்சி மடிக்கணினியைத் திறந்தான். பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்ன லாகைத்தான் முதலில் பார்த்தான். பிறகு கிருபாநிதியைப் பார்த்தான். பிறகு இசக்கிச்செல்வியின் பையைப் பார்த்தான்.

"யக்கா, பஸ்ஸுக்குப் போயிராதிய. கொஞ்சம் இருங்க."

கால் மணி நேரம் தட்டினான்.

"அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர்ல போட்டாச்சு. சரி குடுத்தீங்கன்னா பழைய புரோகிராம் வந்துரும். டோக்கன் வேல செய்யுதான்னு பாக்க, பெட்டியில எழுதியிருக்கதுக்குக் கீழ உங்க கையெழுத்து விழும். அதனால படிச்சிட்டு அமுக்குங்க."

"யாருக்குல சொல்லுத? எனக்கா?"

கிருபாநிதி டிராயரைத் திறந்து டோக்கனை எடுத்துச் சொருகினார். கண்ணாடியை மாட்டினார். பேசுவதற்கு வசதியாக அதை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"எல்லாரும் இங்கன வந்து நில்லுங்க. படிக்கதுன்னா என்னன்னு காட்டுதேன்."

இசக்கிச்செல்வி பையோடு வந்து நின்றாள். குமாஸ்தா தளவாயும் வந்தார். திரையில் பெட்டி விரிந்தது. தமிழ்தான். பெரிய எழுத்துதான்.

"படிக்கதுங்கது ஒரு ஒழுக்கம்," என்று அவர்கள் பக்கம் திரும்பினார் கிருபாநிதி. "அவசரம் கூடாது. ஒரு வரி விடக் கூடாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு..."

வாய் பேசிக்கொண்டிருக்க, விரல் தன்பாட்டுக்கு 'சரி'யை அமுக்கியது. திரை டோக்கனின் ரகசிய எண்ணைக் கேட்டது. அதையும் விரலே தட்டியது.

"...பொறுமை கிடையாது!"

பிரின்டர் உறுமி ஒரு தாளைத் தள்ளியது. தளவாய் எடுத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். இசக்கிச்செல்வியிடம் நீட்டினார். அவள் படித்து முடித்துவிட்டு, பையிலிருந்த டிபன்பாக்ஸை எடுத்துத் தன் மேசையில் டங்கென்று வைத்தாள்.

"என்னளா அது?" என்றார் கிருபாநிதி.

"நீங்க படிச்சதுதான் அண்ணாச்சி," என்று அவள் உரக்க வாசித்தாள். "'செவ்வாய்க்கிழமை காலை 8.50க்கு, அலுவலகத்துக்கு வேறு யாரும் வருமுன், என் கம்ப்யூட்டரில் வந்த கேள்விக்குப் படிக்காமல் சரி கொடுத்தவன் நானே. இசக்கிச்செல்வி திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வருவாள். இதற்குச் சம்மதம்.'"

அதற்குக் கீழே, செல்லுபடியாகும் என்ற பச்சை டிக்குடன், கிருபாநிதியின் கையெழுத்து இருந்தது.