வெள்ளைக்காரம்மாவுக்கு ஒரே பதில்

"வெள்ளைக்காரம்மா எதைக் கேட்டாலும் 'கம்பல்சரிலி'ன்னு சொல்லோணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது!"

வீரபாண்டி பனியன் கம்பெனி மேனேஜர் மருதாசலம் செக்கிங் மேசையைத் தட்டிக் கத்தினார். வெளிநாட்டு ஆர்டர் கைக்கு வருமா என்பது, தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வரும் அந்தம்மாவின் இன்றைய ஆய்வில்தான் இருந்தது.

"அப்படின்னா என்ன அர்த்தமுங்க சார்?" என்றாள் நூர்ஜான்.

அவளைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "பனியன்ல நூல் பிசிர் வெட்டறவளுக்கு அர்த்தம் ஒரு கேடா? சொன்னதைச் சொல்லு, போதும்."

பத்து மணிக்கு வந்த வெள்ளைக்காரம்மா நேராக நூர்ஜானிடம்தான் போய் நின்றாள்.

"டிரிங்கிங் வாட்டர்?"

"கம்பல்சரிலி."

"மாஸ்க்?"

"கம்பல்சரிலி."

மருதாசலம் மீசையை நீவிக்கொண்டார்.

"சண்டே வொர்க்?"

"கம்பல்சரிலி!"

வெள்ளைக்காரம்மா ஃபைலைப் பட்டென்று மூடினாள். அடுத்த நிமிடம் அவள் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

"அறிவு கெட்டவளே! அர்த்தம் தெரியாம ஒளறி ஆர்டரையே கவுத்துப் போட்டியே!"

நூர்ஜான் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"தெரியாம இல்லீங்க சார். மாசமா இருந்த எங்கக்கா ஒரு ஞாயித்துக்கெழமை வல்லைன்னு வேலைய விட்டு நிறுத்துனீங்களே, அந்த மெமோல நீங்க எழுதுன வார்த்தைதானுங்க இது. அன்னைக்கே நாலு பேர்த்தைக் கேட்டு, 'கட்டாயமா'ன்னு அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டனுங்க."

அவள் கத்தரியை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"உங்களுக்கு அது ஞாபகம் இருக்குதான்னு பாக்கத்தானுங்க, காத்தால அர்த்தம் கேட்டேன்."