வலது முட்டிக்கு ஓர் ஊசி

"ஐயோ, மெதுவா லா கேத்தரின்! உயிரே போகுது!" உர்சுலா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கேத்தரின் கையை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னம்மா இது, புண்ணாட்டம் இருக்கு?"

"தைலம் தேய்ச்சுத் தேய்ச்சே சூடு பிடிச்சிருச்சு. நீ போயி சோத்தப் போடு." உர்சுலா கைலியை இழுத்து மூடிக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பிரிக்பீல்ட்ஸ் டாக்டர் சாத்தப்பன் வலது முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். தேய்மானம் அதில்தான் அதிகமாம். போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டார்.

"முதல் ரெண்டு நாள் வலி கூடும், பயந்துடாதீங்க ஆன்டி. அப்புறம் குறைஞ்சிடும். சில மாசம் நிம்மதியா நடக்கலாம். ஆனா இது தேய்மானத்தச் சரி பண்ற மருந்து இல்ல, அடிக்கடி போடவும் கூடாது. சுகர் வேற ஏறும், பாத்துக்குங்க."

ஊசி இறங்கும்போது உர்சுலா கண்ணை மூடிக்கொண்டு மாதாவிடம் ஏதோ முணுமுணுத்தாள். மாதாவுக்குக் கொடுத்த வாக்கை அவள் யாரிடமும் சொல்வதில்லை, மீறுவதும் இல்லை.

கேத்தரினின் காதில் விழுந்தது 'சில மாசம்' மட்டும்தான். அவளுக்கு அது போதும். அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த, கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாரிஸைத் தொலைவில் உள்ள ஜொகூருக்கு மாற்றிவிட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்குள் முடித்துக்கொண்டு சேர்ந்தே போய்விடலாம் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். செராஸில் இருக்கும் சித்தியும், "தானா எழுந்து நடந்தா போதும், அக்காவ நான் வச்சுப் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள்.

கேத்தரினுக்கு முப்பத்திரண்டு வயது. இதற்குமேல் காத்திருக்கச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் சொன்னபடி இரண்டு நாள் வலி கூடியது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் நடக்கவில்லை. முதல் வாரமும் முனகல், மூன்றாவது வாரமும் முனகல். குளியலறைக்குப் போகக்கூட உர்சுலாவுக்கு மகளின் தோள் வேண்டியிருந்தது. தினமும் சோறு, குழம்பு, பிளாஸ்க் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கேத்தரின் ஆபீசுக்கு ஓடினாள்.

"நீ போம்மா, உன் வாழ்க்கையப் பாரு. நான் எப்படியோ தவழ்ந்து கிடந்துக்கிறேன்." இப்படிச் சொல்லிவிட்டு உர்சுலா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இதைக் கேட்டுவிட்டு எந்த மகள் கிளம்புவாள்?

கேத்தரின் நேராக டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டாள். "ஏமாத்திட்டீங்க டாக்டர்! நீங்க சொன்னத நம்பித்தான் இருந்தேன்."

சாத்தப்பன் கோபப்படவில்லை. "சில பேருக்குக் கேக்காமப் போறதும் உண்டு லா. ஆனா கொஞ்சங்கூடவா குறையல? அம்மாவ ஒருதரம் கூட்டிட்டு வாங்க, பாத்துடுவோம்."

அதைக் கேட்டதும் உர்சுலா எரிந்து விழுந்தாள். "அந்த ஆளு மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்! போதும் அவரு ஊசியும் அவரும்."

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் கேத்தரின் பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டு மாரிஸைக் கூப்பிட்டாள்.

"இனிமே காத்திருக்க வேணாம் மாரிஸ். அம்மாவுக்கு ஊசி கேக்கல."

"எங்கம்மா ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்காங்க, கேத்தரின். இத்தனை நாளா வேணாம்னு சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்."

போனை வைத்தபோது அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. டாக்டர் ஏமாற்றிவிட்டார். மாரிஸ் ஒரு வார்த்தைகூட மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டான். இத்தனை வருடம் மெழுகுவர்த்தி ஏற்றியதற்கு மாதாவும் கைவிட்டுவிட்டாள். நம்பிய எல்லாரும் சேர்ந்து கழுத்தறுத்துவிட்டதாக நெஞ்சு கொதித்தது.

விஷயத்தைக் கேட்ட உர்சுலா மட்டும் மகளின் கன்னத்தைத் தடவி, "என் தங்கம்" என்றாள். அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த 'என் தங்கம்' கேத்தரினை உருக்கிவிட்டது. இனி அம்மாதான் நமக்கு, அம்மாவுக்கு நாம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். சனிக்கிழமை மதியம், இரண்டு தெரு தள்ளி இருந்த மாதா கோயிலுக்குப் போனாள். உள்ளே யாரும் இல்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் இருதயம் என்ற பெரியவர் மட்டும் மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கொஞ்ச நேரம் கதவச் சாத்தி வைக்கிறீங்களா? ஒரு நேர்ச்சை இருக்கு."

"என்னம்மா நேர்ச்சை?"

"வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டே போகப் போறேன். அம்மாவோட முட்டிவலிய எடுத்துடும்மான்னு மாதாகிட்ட கேக்கணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் மண்டியிட்டாள். தரை சொரசொரவென்று இருந்தது. நாலடி நகர்வதற்குள் முட்டித் தோல் எரிய ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இருதயம் துணியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அட, எதுக்கும்மா நீ வேற? ஊசி போட்டதுல வலி பறந்துருச்சுன்னு, போன புதன்கிழமையே உங்கம்மா வந்து இதே வாசல்லேர்ந்து முட்டி போட்டுப் போயி நன்றி சொல்லிட்டாங்களே!"